பள்ளிக்காக 21 கிலோமீட்டர்: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறி, 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலில் சுற்றிவிட்டு, விடிந்ததும் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கிற பெற்றோர் வேலூர்ப் பக்கம் ஏராளம். அரை மாரத்தானின் தூரம் 21.0975 கிலோமீட்டர். கிரிவலத்தைப் போல ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். பெரும்பாலான போட்டிகளில் அதை முடிக்க மூன்று மணி நேரமோ மூன்றரை மணி நேரமோ தருகிறார்கள். நான்கைந்து மாதம் ஒழுங்காகப் பழகினால் நாற்பது வயதுக்காரரும் முடித்துவிடலாம். அந்த ஓட்டத்தைச் சொல்லித் தெரிந்தவர்களிடம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டும்போது சிக்கல் வருவது பெரும்பாலும் பணத்தில்தான்: யார் கணக்கில் போடுவது, எதை வாங்குவது, கணக்கை யாரிடம் காட்டுவது. அதனால் இந்த வழிகாட்டி ஷூ கடையில் தொடங்கவில்லை. தலைமை ஆசிரியர் அறையில் தொடங்குகிறது.

ஓட்டம் ஜனவரி முதல் வாரத்தில் என்று வைத்துக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறேன். சென்னை மாரத்தான் பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். உள்ளூரில் நல்ல போட்டி கிடைத்தால் இன்னும் வசதி. எதுவானாலும் டிசம்பர், ஜனவரியை விட்டு வெளியே போகாதீர்கள். சுற்றிலும் பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர் இது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை.

பள்ளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள்

அரசுப் பள்ளி என்றால் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுக் கூட்டத்தில் போய், "நான் ஜனவரியில் ஒரு ஓட்டம் ஓடப்போகிறேன், அதை வைத்துப் பள்ளிக்குக் கொஞ்சம் பணம் திரட்டலாம் என்று இருக்கிறேன், எது அவசரம்?" என்று கேளுங்கள். நீங்களாக ஒன்றை முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். உங்களுக்கு ஸ்மார்ட் டிவி தோன்றும். ஆசிரியைகள் கேட்பது மாணவிகள் கழிப்பறைக்குக் கதவும் தண்ணீரும் ஆக இருக்கும்.

சொல்லப்படும் பட்டியலில் இரண்டு வகையைப் பிரித்துவிடுங்கள். கட்டடம், சுற்றுச்சுவர், கூரை போன்றவற்றுக்குப் பொறியாளர் மதிப்பீடு, துறை அனுமதி என்று நீண்ட வழி உண்டு. ஒரு அப்பாவோ அம்மாவோ ஓடித் திரட்டும் பணத்துக்கு அது சரிப்படாது. அலமாரி, மேசை, புத்தகம், மின்விசிறி, விளையாட்டுப் பொருள், குடிநீர் வடிகட்டி போல, வாங்கி வந்து வைத்து இருப்புப் பதிவேட்டில் எழுதக்கூடியவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுதோறும் பள்ளிக்கு மானியம் வரும். அதே பொருள் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரே அறைக்கு இரண்டு முறை ஃபேன் வாங்குவீர்கள்.

அப்புறம் இரண்டு மூன்று கடைகளில் எழுத்தில் விலை வாங்குங்கள். சத்துவாச்சாரியிலோ லாங் பஜாரிலோ உங்களுக்குத் தெரிந்த கடை இருக்கலாம். இருந்தாலும் இன்னொரு கடையின் விலையும் கையில் இருக்கட்டும். வண்டி வாடகை, பொருத்தும் கூலி, வரி எல்லாம் சேர்ந்த தொகைதான் இலக்கு. அந்தத் தொகை, பொருள், பணம் வரும் வழி, மீதம் வந்தால் என்ன செய்வது, இந்த நான்கும் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் வெளியில் வாய் திறக்க வேண்டும்.

தனியார் பள்ளி என்றால் என் யோசனை வேறு. கட்டணம் வாங்கும் பள்ளியின் தேவைக்கு ஊரில் கையேந்துவது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் தெருக்கோடி அரசுத் தொடக்கப் பள்ளிக்காக ஓடலாமே.

பணம் உங்கள் கைக்கே வரக் கூடாது

எளிதான வழி உங்கள் சொந்த ஜிபே எண்ணை வாட்ஸப்பில் போடுவது. அதைத்தான் செய்யக் கூடாது. சீட்டுப் பணமும் மளிகைக்கடை பாக்கியும் ஓடும் கணக்கில் பள்ளிப் பணமும் கலந்தால், ஒரு ரூபாய்கூட எடுக்காதவர்கூடப் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

சரியான வழிகள் இரண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு ஒன்று. அந்தக் கணக்கில் இப்படிப்பட்ட நன்கொடையை வாங்கலாமா, ரசீது யார் போடுவது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றொன்று, 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம். அதன் இணையதளத்தில் பள்ளியைத் தேடி, அந்தப் பள்ளிக்கென்றே பணம் கொடுக்கலாம். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் உங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு இது வசதி; உங்களையே தெரியாதவர்கள்கூட நம்பிக் கொடுப்பார்கள்.

வரிச்சலுகை பற்றி யாராவது கேட்டால் வாயில் வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் மச்சான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவருடைய பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும், அதற்கென அனுமதி பெற்ற அமைப்புதான் வாங்க முடியும். சித்தப்பாவிடம் ஆசீர்வாதம் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

வெளிநாடுகளில் 'ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று வாக்குறுதி வாங்கும் வழக்கம் உண்டு. நம் ஊரிலும் சிலர் அதைப் பின்பற்றுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பதினேழாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கும்போது, "இன்னும் நான்கு கிலோமீட்டர் போனால் பள்ளிக்கு இன்னும் எட்டாயிரம்" என்ற நினைப்பு உங்களை நிற்க விடாது. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க முடியாத ஓட்டம் ஆபத்தானது. தவிர, வாக்குறுதியை ஓட்டம் முடிந்து வசூலிக்கப் போனால் பாதிப் பேர் போன் எடுக்க மாட்டார்கள். ஆகவே நிலையான தொகையாகக் கேளுங்கள். ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பே வசூலை முடித்துவிடுங்கள். நீங்கள் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அலமாரி வந்துவிடும் என்ற நிலையில் ஓடுவதுதான் நிம்மதி.

போட்டி நுழைவுக் கட்டணம், ஷூ, ரயில் செலவு எல்லாம் உங்கள் பையிலிருந்து. இதைக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேட்பது

மொய் எழுதுகிற ஊரில் கேட்பதற்கு வெட்கம் வேண்டியதில்லை. அரசுப் பள்ளிக்குத் தட்டுத் தட்டாகச் சீர்வரிசை எடுத்துப்போகும் 'கல்விச் சீர்' நம் மாநிலத்தில் பல ஊர்களில் நடக்கிறது. காமராசர் முதல்வராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நாற்காலி, மேசை, நிலம் என்று கொடுத்தார்கள். உங்கள் ஓட்டம் அந்த வரிசையில் வருவதுதான். ஆனால் செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும். வாட்ஸப்பில் இந்த மாதிரி:

"வணக்கம். நம் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியில் நூலகப் புத்தகங்கள் அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. இரண்டு இரும்பு அலமாரியும் நான்கு வாசிப்பு மேசையும் வாங்க 46,500 ரூபாய் வேண்டும். கடை விலைப்பட்டியல் கீழே. இதற்காக ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஓட்டச் செலவு என்னுடையது. பணம் பள்ளிக் கணக்குக்கே போகும், ரசீது பள்ளி கொடுக்கும். 100 ரூபாயும் உதவிதான். டிசம்பர் 20க்குள் அனுப்பினால் நல்லது."

இதை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் கட்டை விரல் படங்கள்தான் வரும். ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட வேண்டும். முதல் போன் உங்களுக்கு மிக நெருங்கியவர்களுக்கு: தாய்மாமா, அண்ணன், கூட வேலை செய்யும் அக்கா. ஆரம்பத்திலேயே கால்வாசி வந்துவிட்டால் மற்றவர்கள் தயங்குவதில்லை. அதன் பிறகு பழைய மாணவர்கள், பிறகு கடைக்காரர்கள். கடைக்குக் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். வியாபாரம் அடங்கிய மதிய நேரத்தில், முடிந்தால் இன்னொரு பெற்றோரோடு போங்கள். "அண்ணே, பணமாக வேண்டாம், பொருளாகவே கொடுங்கள்" என்றால் சிலர் முகம் மலரும். கட்சிக்காரர்களும் கொடுப்பார்கள், அலமாரியில் பெயர் எழுதக் கூடாது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பிள்ளைகளை உண்டியலோடு அனுப்பக் கூடாது. அவர்கள் முகத்தைப் படம் எடுத்துப் பரிதாபம் தேடக் கூடாது. கொடுத்தவர் பெயர்ப் பட்டியலைத் தொகையோடு வெளியிடுவதும் வேண்டாம். மொய் நோட்டில் அது சரி. இங்கே 50 ரூபாய் கொடுத்த ஆயாம்மா கூசிப்போவார். வாரம் ஒரு முறை மொத்தத் தொகை மட்டும் சொன்னால் போதும்.

காலைப் பழக்குவது

முதல் வாரம் ஓட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் இளவயது மாரடைப்பு நடந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். நாடெங்கிலுமிருந்து வைத்தியத்துக்கு ரயிலேறி வருகிற ஊரில் இருந்துகொண்டு ஒரு ஈசிஜி எடுக்காமல் ஓடத் தொடங்குவது அநியாயம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை திடீரென இறங்கலாம். அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கிற தோல் ஷூ உலகமெல்லாம் போகிறது. ஓட அது உதவாது. ஓட்டத்துக்கென்றே செய்த ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து உராயும். பாலியஸ்டர் டீ ஷர்ட் மலிவானதே போதும். பெண்கள் செலவு செய்ய வேண்டியது நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவில். அதற்கு மேல் தளர்வான சுடிதார் டாப் போட்டு ஓடினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.

வாரத்தில் மூன்று நாள் போதும். செவ்வாயும் வியாழனும் 40 நிமிடம், ஞாயிறு நீண்ட தூரம். ஆரம்பத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. செப்டம்பர் நடுவில் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. நவம்பரில் நான்குக்கு ஒன்று. போட்டியிலும் இதே கணக்குதான். முழுக்க ஓடினால்தான் ஓட்டம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நடந்து நடந்து ஓடுகிறவர்கள் கடைசி ஐந்து கிலோமீட்டரில் பலரைத் தாண்டிப் போவார்கள். வேகத்துக்கு அளவுகோல்: பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

ஞாயிறு தூரம் ஆகஸ்டில் 4லிருந்து 6 கிலோமீட்டர், செப்டம்பரில் 8லிருந்து 10, அக்டோபரில் 11லிருந்து 13, நவம்பரில் 14லிருந்து 16, டிசம்பர் நடுவில் ஒரே ஒரு முறை 18. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைக் குறையுங்கள். போட்டிக்கு முன் 21ஐ ஓடிப் பார்க்கத் தேவையில்லை. கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறையுங்கள். அந்த நாட்களில் உடம்பு சும்மா இருக்க மறுக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கே ஓடுவது? கோட்டை மைதானமும் அகழியோரமும் தொடக்கத்துக்கு நல்லவை. விடியற்காலையில் நடக்கிறவர்கள் இருப்பதால் தனியாக இருக்கிற பயம் இல்லை. காட்பாடிப் பக்கத்தவர்களுக்குக் காந்தி நகர் தெருக்கள். பாகாயம், ஓட்டேரிப் பக்கம் மரநிழல் உண்டு. பாலாற்றுப் பாலத்தின் மேலும், கிரீன் சர்க்கிளை ஒட்டிய சர்வீஸ் ரோட்டிலும் ஓடாதீர்கள். எதிர்த்திசையில் லைட் போடாமல் வரும் பைக் ஒன்று போதும். சாலையில் ஓடும்போது வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதுகு காட்டாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். ஏற்றம் பழக வேண்டுமென்றால் பாலமதி மலைச்சாலை இருக்கிறது. வெளிச்சம் வந்த பிறகு, துணையோடு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சில ஞாயிறுகள் போகும். இடி இடிக்கும்போதும் தெருவில் தண்ணீர் நிற்கும்போதும் ஓட வேண்டாம். திறந்த கால்வாயும் அறுந்த மின்கம்பியும் தெரியாது. தவறிய தூரத்தை அடுத்த வாரம் சேர்த்து ஓடி ஈடுகட்ட முயலாதீர்கள். போனது போகட்டும்.

வீட்டு ஏற்பாடு இல்லாமல் இது எதுவும் நடக்காது. அம்மா ஓடுகிறார் என்றால் செவ்வாய், வியாழன் காலை டிபன் அப்பா பொறுப்பு என்று ஆகஸ்டிலேயே பேசி முடிக்க வேண்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் உங்கள் 18 கிலோமீட்டரும் ஒரே வாரத்தில் மோதும்.

சாப்பாடும் தண்ணீரும்

தனி உணவு எதுவும் வேண்டாம். வட ஆற்காட்டுக் கேழ்வரகுக் களியும் கூழும் பயிற்சி மாதங்களுக்கு நல்ல சாப்பாடு. ஆனால் போட்டிக்கு முந்தின இரவு களி வேண்டாம், நார்ச்சத்து வயிற்றைக் கலக்கும். ஆம்பூர் பிரியாணியும் வேண்டாம். மறுநாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு சாதம், பருப்பு ரசம், தயிர். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன் இரண்டு மூன்று இட்லியோ வாழைப்பழமோ.

ஓட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பேரீச்சம்பழம், வெல்லத் துண்டு எதுவும் உதவும். ஞாயிறு ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகியதை மட்டுமே போட்டியிலும் சாப்பிடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தைச் சின்ன பாட்டிலில் கொட்டிக் குடித்தால் வயிறு புரட்டும். தாகத்துக்குத் தகுந்தபடி குடியுங்கள். போட்டி வழியில் வைத்திருக்கும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வயிறு முட்ட வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், சில நேரம் அதைவிட மோசமானதும் வரும்.

முட்டி வலிக்கிறது என்று ஓடும் முன் வலி மாத்திரை போடாதீர்கள். உடம்பில் நீர் குறையும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

ஓட்ட நாள்

முந்தின நாளே போய் எண் அட்டையை வாங்கிவிடுங்கள். நேரம் பதியும் சிப் அதில்தான் இருக்கும், மடிக்க வேண்டாம். புது ஷூ, புது சாக்ஸ் எதுவும் கூடாது. தொடை, அக்குள் இடங்களில் வாசலின். வரிசையின் கடைசியில் நில்லுங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரை உங்களுக்கே கூச்சமாக இருக்கும் அளவு மெதுவாகப் போங்கள். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்றால் மொத்தம் 2 மணி 49 நிமிடத்தில் முடியும். ஒன்பது என்றால் 3 மணி 10 நிமிடம். உங்கள் போட்டியின் கால வரம்பைப் பார்த்து முதலிலேயே எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

16ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு கால் கனக்கும், அது சாதாரணம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வெயிலில் குளிர் நடுக்கம், பேச்சு குழறல் சாதாரணம் இல்லை. உடனே நின்று தொண்டரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஓடுபவர் உளறினாலோ தடுமாறினாலோ நிழலில் படுக்கவைத்து, கிடைக்கிற குளிர்ந்த நீரையும் ஐஸையும் உடம்பெங்கும் ஊற்றிக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது.

முடித்த பிறகு உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். ஆற்காடு மக்கன் பேடாவை யாராவது வாங்கி வந்திருந்தால் மறுக்க வேண்டாம்.

பொருளும் கணக்கும்

இரண்டு வாரத்துக்குள் பொருள் பள்ளியில் இருக்க வேண்டும். பில் பள்ளியின் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் வேண்டாம். பொருளை இறக்கும்போது குழுவின் இரண்டு பெற்றோர் எண்ணிப் பார்த்து இருப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடட்டும். வந்த தொகை, செலவு, பில் நகல், மீதம், இந்த ஒரு பக்கத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் ஒட்டிவைத்து, கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். 50 ரூபாய் கொடுத்தவருக்கும் அதே பக்கம்.

ஊர் விரும்பினால் மேளத்தோடு கல்விச் சீராக எடுத்துப் போகலாம். மேளக்காரர் கூலி திரட்டிய பணத்திலிருந்து போகக் கூடாது. மாலை மரியாதை எதுவானாலும் தலைமை ஆசிரியருக்கும் குழுவுக்கும் போகட்டும்.

மீதம் என்ன ஆகும் என்பது ஆகஸ்ட் தீர்மானத்திலேயே இருக்கும். 1,300 ரூபாய் மிஞ்சியது என்றால் அது அலமாரிக்குப் பூட்டாகவோ அகராதியாகவோ மாறலாம். எதுவானாலும் அடுத்த மாதக் கூட்டத்தில் அதற்கான பில்லும் அதே பதிவேட்டில் ஏறிவிட வேண்டும்.